வலைநூலின் விளிம்பு

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் விடியப்புறம் வலை வீசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலை காற்றில் விரியும் கணத்தில் நூல் எது, அதற்குப் பின்னால் கிடக்கும் வாவி எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. வடமோடிக் கூத்து ஒன்றின் பதிவுக்குத் தலைப்புச் செய்தபோது அந்த வலையைத்தான் வரைந்தேன். வலை விரிந்து சுருங்க, அதற்குள்ளிருந்து கூத்தின் பெயர் எழும். ஐந்து செக்கன் அசைவு. வரைய நாலு நாள் எடுத்தது. வரைந்ததைக் கெடுக்காமல் எடிட்டிங் செய்கிறவரின் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அதைவிடக் கூடுதலாக எடுத்தது.

முதலில் பழக்கதோசத்தில் எச்.264இல் கொடுத்தேன். நாம் அன்றாடம் புழங்கும் எச்.264 கோப்பில் ஆல்பாவுக்கு, அதாவது எது எவ்வளவு ஊடுதெரியும் என்ற தகவலுக்கு, இடமில்லை. வாவி தெரியவேண்டிய வலைக்கண்களெல்லாம் கறுப்பாக அடைத்துக் கிடந்தன. பிறகு பச்சைப் பின்னணி போட்டு, அதை எடிட்டிங்கில் நீக்கிப் பார்த்தோம். தடித்த எழுத்துத் தப்பியது, வலை தப்பவில்லை. நூல் ஒரு பிக்சலிலும் மெல்லியது. அந்தப் பிக்சலில் பாதி நூல், பாதி பச்சை. பச்சையை எடுத்தால் நூலும் கூடவே போகிறது.

ஆல்பா என்பது இந்தப் 'பாதி'யை எழுதிவைக்கும் கணக்குத்தான். சிவப்பு, பச்சை, நீலத்தோடு நாலாவதாக ஓர் எண்: 8 பிட்டில் 0 என்றால் ஒன்றுமில்லை, 255 என்றால் முழுத் திண்மை. 1970களின் பிற்பகுதியில் அல்வி ரே ஸ்மித்தும் எட் காட்மல்லும் நியூயோர்க்கில் கண்டெடுத்த வழி இது. ஒரு கொடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை, நல்லதா என்று 0இலும் 255இலும் பார்த்துப் பயனில்லை. இடையிலுள்ள எண்களை அது எப்படிக் காப்பாற்றுகிறது என்று பார்க்கவேண்டும். பனி, புகை, வலை எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

கடைசியில் புரோரெஸ் 4444 என்ற கொடெக்குக்கு வந்தேன். பெயரின் நாலாவது 4தான் ஆல்பா; அதை 16 பிட் வரை இழப்பில்லாமல் வைத்திருக்கும். புரோரெஸ் 422 எச்கியூ என்ற பெயரில் மயங்கி அதில் எடுக்கிறவர்கள் உண்டு, அதில் ஆல்பா கிடையாது. 25 பிரேம் முழு எச்டியில் 4444 நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி பிடிக்கும். ஐந்து செக்கன் தலைப்புக்கு அது பாரமில்லை.

அதற்குப் பிறகும் பிழைத்தது. போட்டுக்காட்டியபோது கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் திரையருகே வந்து, "என்ன மனே, நூலெல்லாம் கரி பூசினாப்போல கிடக்கு?" என்றார். சரியாகவே கண்டார். நான் எடுத்தது பிரீமல்டிப்ளைட், அதாவது விளிம்பு நிறத்தில் கறுப்பை முன்கூட்டியே கலந்துவிட்ட வகை. எடிட்டிங் மென்பொருள் அதை ஸ்ட்ரெயிட், அதாவது எதுவும் கலக்காத வகை, என்று எடுத்துக்கொண்டது. கலந்த கறுப்பைக் கழிக்க யாரும் அதற்குச் சொல்லவில்லை. கொடெக் சரியாக இருந்தும் இந்த ஒரு சொல் தவறினால் விளிம்பு கருகிவிடும். ஸ்ட்ரெயிட் கோப்பைத் தனியே திறந்தால் எழுத்தோரங்கள் வழிந்து அசிங்கமாகத் தெரியும், பயப்படத் தேவையில்லை.

நீண்ட அசைவு என்றால் இன்றும் பிஎன்ஜி படவரிசையாகவே எடுக்கிறேன். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் பிடித்த பழக்கம். ரெண்டர் நடுவில் கரண்ட் போனால் மூவ் கோப்பு பெரும்பாலும் திறக்கவே திறக்காது. படவரிசையில் அதுவரை எழுதிய படங்கள் அப்படியே கிடக்கும், விட்ட எண்ணிலிருந்து தொடரலாம். பிஎன்ஜியின் ஆல்பா எப்போதும் ஸ்ட்ரெயிட்தான் என்பது இன்னொரு நிம்மதி.

இப்போது எதை அனுப்பினாலும் முதலில் கடுஞ்சிவப்பின் மேலும், பிறகு விடியற்கால வாவிக் காட்சியின் மேலும் வைத்து, இருநூறு சதவீதம் பெருப்பித்து விளிம்பைப் பார்க்கிறேன். கறுப்புத் திரையில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். கோப்பின் பெயரிலேயே '4444, ஸ்ட்ரெயிட், 25' என்று எழுதிவிடுகிறேன்.