கண்ணாடியும் ஒரு சதக்காதான்



முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு உதவ விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டீச்சர், கொப்பி எத்தனை வேணும்?" என்றுதான். கொப்பியும் தேவைதான். ஆனால் கொப்பி இல்லாமல் எந்த உம்மாவும் வகுப்பை விட்டு நின்றதை நான் பார்க்கவில்லை.

நம் ஊர்களில் "எழுதப் படிக்கத் தெரியாதவர்" என்பதே அரைகுறையான பேச்சு. என் உம்மம்மா குர்ஆன் ஓதுவா. அரபுத் தமிழ்க் கிதாபுகளும் வாசிப்பா. அரபு எழுத்தில் தமிழை வாசிக்கத் தெரிந்த அவ, கிளினிக் கொப்பியை மட்டும் பேரப்பிள்ளைகளிடம் நீட்டுவா. எங்கு போனாலும் கைநாட்டுத்தான். எழுத்துக் கூட்டத் தெரிந்த இப்படிப்பட்டவர்களுக்குத் தமிழ் எழுத்து எட்டாத தூரம் இல்லை. 1990ஐ ஒட்டிய கலவர வருடங்களில் படிப்பு பாதியில் நின்ற இன்றைய ஐம்பது வயதுக்காரர்களுக்கு அது இன்னும் கிட்ட.

வகுப்பில் ஒரு ராத்தா தன் பெயரை எழுதக் கேட்கவில்லை. "கடன், வட்டி, பிணை, இந்த மூணையும் முதல்ல காட்டித் தாங்க" என்றா. வாசிக்காமல் கைநாட்டு வைத்தால் என்ன வரும் என்று அவவுக்குத் தெரியும். அஸ்வெசும படிவமும் காணி உறுதியும் அப்படித்தான்.

சரி, என்ன கொடுக்கலாம்?

கண்ணாடி கொடுங்கள். நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வரும். எழுத்துத் தெரியாமல் கண் கலங்கிக்கொண்டு, "எனக்கு மண்டையில ஏறுதில்ல" என்று எழுந்து போகிறவர்கள் பலர். குறை மண்டையில் இல்லை.

நேரம் கொடுங்கள். வாரம் இரண்டு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991இல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் தொண்டர்கள். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். பத்ரில் பிடிபட்டு, மீட்புப் பணம் கொடுக்க வசதியில்லாத கைதிகள் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலையானதை நாமெல்லாம் மத்ரசாவில் படித்தோம். காசுக்குப் பதிலாகக் கற்பித்தல் அன்றே ஏற்கப்பட்டது.

இடம் கொடுங்கள். பேரப்பிள்ளை படிக்கும் பள்ளிக்கூட வாசலில் ஏற வெட்கப்படுகிறவர்கள், பக்கத்து வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். ஒரு லைட், ஒரு ஃபேன், ஒரு பாய் போதும்.

உம்மாவுக்கு ஓய்வு கொடுங்கள். அந்த இரண்டு நாளும் இரவுச் சாப்பாட்டை மகனும் மகளும் பார்த்துக்கொண்டால், அதுவும் நன்கொடைதான்.

காசு கொடுப்பவர்களுக்கு ஒரு சொல். நோன்பில் ஒருமுறை பெரிதாகக் கொடுப்பதைவிட மாதாமாதம் சிறிதாகக் கொடுங்கள். வகுப்பு வருடம் முழுக்க நடக்க வேண்டும். கணக்குக் காட்டுகிற இடத்துக்குக் கொடுங்கள். ஸகாத் என்றால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வகுப்புத் தொடங்குகிறவர்கள் முதலில் வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவில் விசாரியுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கொப்பி கொடுக்கும்போது படம் எடுத்து இங்கே போடாதீர்கள். அந்தப் படத்தை அவவின் மருமகனும் பார்ப்பார், சம்பந்தி வீடும் பார்க்கும். அடுத்த நாள் அவ வரமாட்டா.

யாருக்கு எது முடியும் என்று இன்பொக்ஸில் சொல்லுங்கள். எத்தனை கண்ணாடி, எந்த நம்பர் என்று சொல்கிறேன். யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.