கட்டி இருக்கும் இடத்தில் குத்தாதே

செய்யாறு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். ரூமில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

திருவிழாவுக்கு வந்தபோது உன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேனே, தொப்புளுக்கு இடப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தடிப்பு. "அங்கே ஊசி போட்டால் வலிக்காதுக்கா" என்றாய். வலிக்காததுதான் வினை. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் இன்சுலினே அங்கே கொழுப்பை வளர்த்துவிடும், உணர்ச்சியும் மங்கிவிடும். அதற்குள் போகிற மருந்து ஒருநாள் சரியாக ஏறாது, இன்னொருநாள் எதிர்பாராமல் ஏறும். சுகர் இன்றைக்கு 300, நாளைக்கு 60. நீ கேன்டீன் சாம்பாரைத் திட்டுகிறாய், டாக்டர் யூனிட்டைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஸ்பெயினில் இன்சுலின் போடும் 430 பேரைத் தொட்டுப் பார்த்து 2013-ல் எழுதினார்கள்: ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இந்தக் கட்டி. இடத்தை ஒழுங்காக மாற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் இருந்தது.

அதற்காக இன்று ராத்திரியே புது இடத்தில் அதே அளவைப் போட்டுவிடாதே! நல்ல தோலில் மருந்து முழுசாக ஏறும், சுகர் தடாலென்று இறங்கும். நீ இருங்காட்டுக்கோட்டையில் நைட் ஷிப்டில் மெஷின் முன்னால் நிற்கிறவன். விடியற்காலை மூன்று மணிக்கு வேர்த்துக் கை நடுங்கினால் என்ன ஆகும்? முதலில் டாக்டரிடம் சட்டையைத் தூக்கிக் கட்டியைக் காட்டு. கேட்காமல் யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி. கூட்டத்தில் நானே பார்க்கிறேன். அளவை அவர்தான் குறைக்க வேண்டும். பலருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறைகிறது. மாற்றிய புதிதில் சுகரை அடிக்கடி பார். குளுக்கோஸ் பொட்டலம் பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும், லாக்கரில் அல்ல. பக்கத்தில் வேலை செய்கிற பையனிடமும் சொல்லி வை.

இனி இடம் மாற்றுகிற விதம். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டுவிட்டு, வயிற்றை நாலு பாகமாக நினைத்துக்கொள். வாரத்துக்கு ஒரு பாகம். அந்தப் பாகத்துக்குள்ளும் நேற்றுக் குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. கட்டி இருக்கும் பாகத்துக்கு முறை வந்தால் தாண்டிப் போ, அது வற்ற மாதக்கணக்கில் ஆகும். தொடையிலும் போடலாம், முன்பக்கமாக, வெளியோரமாக. ஆனால் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தொடை வேண்டாம். நடந்து உழைக்கிற காலில் மருந்து வேகமாக ஏறும். அப்போது வயிறு, ரூமுக்கு வந்து போடுவது தொடை என்று வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடமே கேள். ஷிப்ட் மாறுகிற வாரம் சாப்பாட்டு நேரமும் மாறுமே, அதையும் சேர்த்துக் கேள்.

ஒரு ஊசியை வாரம் முழுக்க வைத்திருக்கிறாயாம், உன் ரூம்காரன் சொல்லிவிட்டான். மொட்டை ஊசியும் கட்டிக்கு ஒரு காரணம். ஒவ்வொரு தடவையும் புதுசு போடு. காசு பிரச்சினை என்றால் என்னிடம் சொல், நான் வாங்கித் தருகிறேன். போட்ட ஊசியைக் குப்பைக் கூடையில் எறியாதே, பெருக்க வருகிற அம்மா கையில் குத்தும். காலி பினாயில் பாட்டிலில் போட்டு மூடி வை, ஊருக்கு வரும்போது கொண்டு வா, எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறேன்.

வார லீவில் டாக்டரைப் பார்த்துவிடு. அவர் எத்தனை யூனிட் எழுதினார் என்று அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா