அப்பாயியின் ஒரு பை வெங்காயம்

செட்டிகுளத்தில் அந்த வீட்டு அப்பாயிக்கு, ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் சிங்கப்பூர் மகனோடு பேசும் நேரம். ஐந்து நிமிடம் நன்றாகப் போகும். பிறகு மகனின் முகம் பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடும். "சாப்ட்டியாப்பா?" என்று கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பிறகு ஒரே நேரத்தில் சும்மா இருப்பார்கள். "உனக்கு வேலை இருக்கும், வெச்சிடறேன்" என்று அப்பாயியே முடித்துவிடுவார்.

'நெட் ஸ்பீடு பத்தலை' என்று பெரிய பிளானுக்கு மாறினார்கள். மாதாமாதம் பணம் கூடுதலாகப் போனதே தவிர, முகம் உறைவது நிற்கவில்லை.

கம்ப்யூட்டர் படிக்கும் பேரன் தீபாவளிக்கு வந்தபோதுதான் கவனித்தான். அப்பாயி பேசும் அதே நேரத்தில், சித்தப்பாவின் ஃபோன் அந்த வாரம் வயலில் எடுத்த வீடியோக்களை எல்லாம் ஆன்லைன் சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"அப்பாயி, நம்ம பட்டறை வெங்காயத்தை மண்டிக்குக் கொண்டு போறோம்னு வெச்சுக்க. முன்னால ஒருத்தர் முந்நூறு மூட்டையோட நிக்கிறார். நீ ஒரே ஒரு பையோட பின்னால நிக்கிற. எப்ப எடை போடுவாங்க?"

"அவரு முடிச்ச பிறகுதான்."

"உன் பேச்சுதான் அந்த ஒரு பை. சித்தப்பா வீடியோ முந்நூறு மூட்டை."

"அது என்னடா நியாயம்? நடுவுல என் பையையும் ஒரு தடவை தராசுல வெச்சா என்ன குறைஞ்சுடும்?"

பேரன் சிரித்துவிட்டான். அப்பாயி சொன்ன அந்த நியாயத்துக்காகத்தான் பெரிய பெரிய பொறியாளர்கள் வருடக்கணக்கில் மெனக்கெட்டார்கள்.

நினைவகச் சில்லு விலை குறைந்ததும், ரவுட்டர்களில் தகவல் காத்திருக்கும் இடத்தைத் தாராளமாக வைத்தார்கள். அதுவே வினையானது. வரிசை நீண்டுகொண்டே போனாலும் அனுப்புகிற கருவிக்குத் தெரியாது. வழி காலியாக இருக்கிறது என்று மேலும் மேலும் அனுப்பும். அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணையத்திலேயே இதைக் கண்டு, 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டு உலகத்துக்குச் சொன்னார்.

மருந்து லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. மென்பொருளுக்கும் கருவிக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் மேஸ்திரிதான் கெர்னல். ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். 2012 ஜூலையில் வந்த அதன் 3.5 பதிப்பில் 'எஃப்க்யூ கோடெல்' என்ற முறை சேர்ந்தது. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை. ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து வாய்ப்பு. அளவுக்கு மீறிக் காத்திருக்கும் தகவலில் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புகிறவரை நிதானப்படுத்தும்.

இதே வேலையை வேறு வழியில் செய்யும் 'எஃப்க்யூ பை' என்ற முறையை லினக்ஸில் சேர்த்தவர்கள் நம் நாட்டுக்காரர்கள்: கர்நாடகாவின் சூரத்கல் என்.ஐ.டி. பேராசிரியர் மோஹித் தஹிலியானியும் அவர் மாணவர்களும். 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில் அது இருக்கிறது.

பேரன் பரணில் கிடந்த பழைய ரவுட்டரை இறக்கினான். தயாரித்த நிறுவனம் அதைக் கைவிட்டுப் பல வருடம். ஆனால் அதன் சில்லை இயக்கும் டிரைவர் இன்னும் கெர்னலில் பத்திரமாக இருந்தது. கடைக்காரர் மறந்துபோன கருவியையும் யாரோ முகம் தெரியாதவர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்! லினக்ஸில் ஓடும் 'ஓப்பன்டபிள்யுஆர்டி'யை அதில் ஏற்றினான். வரிசை இந்த ரவுட்டரிலேயே நிற்கட்டும் என்று, லைன் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வேகத்தை அமைத்தான். வீட்டு ஃபோன்களை எல்லாம் அதில் இணைத்தான். பிளான் அதேதான், காசு செலவில்லை.

அந்த ஞாயிறும் சித்தப்பாவின் வீடியோக்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. மகனின் முகம் நிற்கவில்லை. அவர்தான் திடீரென்று பேச்சை நிறுத்தினார்.

"ஏம்மா, இவ்ளோ மெலிஞ்சுட்ட? மாத்திரை ஒழுங்கா போடறியா, இல்லையா?"

இத்தனை மாதமாக அது அவர் கண்ணில் படவே இல்லை. அன்று 'வெச்சிடறேன்' என்று அப்பாயி சொல்லவில்லை. மகன் சொன்னபோது சிங்கப்பூரில் மணி பன்னிரண்டு.