தோற்றால்தான் வாள் பிடிக்க வரும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

ரிட்டயர்டு வாத்தியாருக்குக் கம்ப்யூட்டர் கேம் பற்றி என்ன பேச்சு என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நான் சொல்லப்போகும் விளையாட்டும் சிரிப்பதற்காகவே செய்ததுதான். பெயர் 'மங்கி ஐலண்ட்'. குரங்குத் தீவு. முதல் பாகம் 1990இல் அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. ரான் கில்பர்ட்டும், அவரோடு சேர்ந்து எழுதிய டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும்தான் அதற்குத் தகப்பன்மார்கள்.

எங்கள் வீட்டுக்கு அது எட்டு வருடம் தாமதமாகத்தான் வந்தது. பெங்களூரில் வேலை பார்த்த என் அக்கா மகன் ஒரு சிடியில் போட்டுக்கொண்டு வந்தான். என் மகனுக்கு அப்போது 12 வயது. அவனுக்கு இங்கிலீஷ் புரியாத இடங்களில் நான் சொல்ல வேண்டும். எனக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாத இடங்களில் அவன் பிடிப்பான். அப்படி ஒப்பந்தம்.

கதை எளிது. கைபிரஷ் திரீப்வுட் என்று ஒரு பையன். கரீபியன் தீவு ஒன்றில் வந்து இறங்கி, நான் கடற்கொள்ளைக்காரன் ஆக வேண்டும் என்கிறான். அவனுக்கு வீரமும் கிடையாது, விவரமும் கிடையாது. மூச்சை 10 நிமிடம் அடக்கத் தெரியும், அது ஒன்றுதான் அவன் பெருமை. எதிரி லெச்சக் என்ற பேய்க் கப்பல் தலைவன். காதலி எலெய்ன் அந்தத் தீவின் கவர்னர், இவனைவிட நூறு மடங்கு கெட்டிக்காரி. கைபிரஷ் கையில் கிடைக்கும் பொருள்களைப் பார்த்தால் தலை சுற்றும். நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழி ஒன்று உண்டு. அது எதற்கு என்று நாங்கள் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் அதைக் கயிற்றில் மாட்டித் தொங்கிக்கொண்டே அக்கரைக்குச் சறுக்க வேண்டும்!

அந்தக் காலத்துச் சாகச விளையாட்டுகளில் தப்பாக ஓர் அடி வைத்தால் செத்துப்போவோம். 'கிங்ஸ் குவெஸ்ட்' ஆடியவர்களுக்குத் தெரியும். ரான் கில்பர்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. முதல் பாகம் வருவதற்கு முந்தைய வருடமே, சாகச விளையாட்டுகள் ஏன் சகிக்கவில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். அதனால் இவர் விளையாட்டில் சாவது அரிதிலும் அரிது. ஓரிடத்தில் கைபிரஷ் மலை விளிம்பிலிருந்து விழுவான். ஆட்டம் முடிந்தது என்று பெட்டிச் செய்தி வரும். நமக்குப் பகீர் என்கும். அடுத்த நொடி பந்து மாதிரி எகிறி மேலே வந்து நிற்பான். கீழே ரப்பர் மரமாம்!

இன்னோரிடத்தில் அவனைக் கனமான ஒரு சிலையோடு கட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள். சுற்றிலும் கயிறு அறுக்கக் கத்தியும் கோடாலியும் கிடக்கும், ஒன்றும் கைக்கு எட்டாது. பதில் என்ன தெரியுமா? அந்தச் சிலையையே தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்து வர வேண்டியதுதான். வினாத்தாளைப் பார்த்ததும் பயந்து, கேள்வியிலேயே இருக்கும் விடையைக் கோட்டைவிடும் பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

ஆனால் வாத்தியாராக என்னை மடக்கிப் போட்டது வாள் சண்டைதான். அங்கே வாளைவிட வாய்தான் வெட்டும். எதிராளி ஒரு நையாண்டி சொல்வான், அதற்குச் சரியான பதிலடி கொடுத்தால் நம் பக்கம் ஒரு வெட்டு. நம்ம ஊர் லாவணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நையாண்டிகளை எழுத ஆர்சன் ஸ்காட் கார்ட் என்ற நாவலாசிரியரும் கைகொடுத்திருக்கிறார்.

ஆரம்பத்தில் நமக்கு எதுவும் தெரியாது. வழியில் போகிற கொள்ளைக்காரன் ஒருவனிடம் தோற்போம். தோற்றால் அவன் சொன்ன நையாண்டி நமக்குச் சொந்தம். அதை அடுத்தவனிடம் வீசினால் அவன் பதிலடி தருவான், அந்தப் பதிலும் நமக்குச் சொந்தம். மொத்தம் 16 ஜோடி. அடி வாங்காமல் ஒன்றுகூடச் சேராது.

சேர்த்துக்கொண்டு வாள் வித்தகி கார்லாவிடம் போனால், அவள் ஒரு நையாண்டியும் பழையது சொல்ல மாட்டாள். எல்லாம் புதுசு! தெருவில் ஒருவன் நம்மை மாட்டுப் பண்ணைக்காரன் போலச் சண்டை போடுகிறாய் என்பான், நீ மாடு போலச் சண்டை போடுகிறாய் என்று திருப்பித் தருவோம். கார்லாவோ உன் ரத்தத்தைச் சொட்டு விடாமல் கறப்பேன் என்பாள். அங்கும் அதே மாட்டுப் பதில்தான் பொருந்தும். மனப்பாடம் செய்தவன் திணறுவான், புரிந்துகொண்டவன் ஜெயிப்பான். பரீட்சை இப்படி இருக்க வேண்டாமா?

இதை என் ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்த்தேன். இரண்டு கட்சி. ஒரு பக்கம் ஆங்கிலத்தில் கிண்டலாக ஒரு வரி சொல்ல வேண்டும், மறுபக்கம் பதில். தோற்றவனுக்கு எதிராளியின் வரியை நோட்டில் எழுதிக்கொள்ளும் உரிமை உண்டு. கடைசி பெஞ்சில் ஒரு பையன். ஆங்கிலம் என்றால் வாயே திறக்காதவன். அவன்தான் அதிகம் தோற்றான். அதனால் அவன் நோட்டுதான் முதலில் நிரம்பியது. அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் வகுப்பு லீடரையே வாயடைக்க வைத்தான். மார்க் பெரிதாக ஏறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் என் கண்ணைப் பார்த்துப் பேசினான்.

விளையாட்டிலும் குறை உண்டு. 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு குழாயைத் திருகி மூட, குரங்கையே திருகியாகப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவில் ஒருவகைத் திருகிக்குக் குரங்கின் பெயர். நமக்கெல்லாம் அது ஸ்பேனர்தானே! ஆங்கில வாத்தியாரான நானே முழி பிதுங்கினேன்.

அந்தப் பாகத்தின் முடிவு இன்னும் பெரிய புதிர். கைபிரஷும் லெச்சக்கும் திடீரென்று ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் சின்னப் பையன்களாக நிற்பார்கள். அதோடு கில்பர்ட் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். 1997, 2000, 2009 என்று மற்றவர்கள் தொடர்ந்தார்கள், அவையும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்த முடிச்சை அவிழ்க்க அவரே திரும்பி வந்தது 2022இல். 31 வருடம்!

'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' படங்களின் பாணி பிடிக்கவில்லை என்று ரசிகர்கள் சிலர் வெளியீட்டுக்கு முன்பே அவரை வசைபாடினார்கள். மனிதர் மனம் நொந்து, இனி இதைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று ஒதுங்கினார். வாய்ச்சண்டையைச் சிரிப்பாக்கிக் கொடுத்தவருக்கு இந்தக் கதி. நையாண்டிக்கும் வசைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வகுப்பில்தான் கற்றுக்கொடுப்பது?

அதை வெளியூரிலிருக்கும் என் மகன் வாங்கி அனுப்பினான். தனியாக ஆடினேன். இதில் கைபிரஷுக்கு வயதாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து தன் மகனுக்குப் பழைய கதையைச் சொல்கிறான். தீவின் ரகசியம் என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன், நீங்களே ஆடிப் பாருங்கள். கடைசியில் கதை கேட்ட பையன் ஓடிவிடுகிறான். கைபிரஷ் மட்டும் பெஞ்சில் இருக்கிறான். ஒரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மகனுக்கு போன் செய்தேன். அங்கே நடுராத்திரி. "என்னப்பா, உடம்புக்கு எதுவும் சரியில்லையா?" என்று பதறினான். "ஒன்றுமில்லைடா, முடித்துவிட்டேன்" என்றேன். "ஹிண்ட் புக் பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

பார்த்தேன், மூன்று தடவை. அதை அவனிடம் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்.