வெயிலும் தாய்க்கு வேண்டும்

கர்ப்பிணித் தாய்மாரின் உடல்நலம் என்றதும் இரத்தச்சோகை, இரும்புச்சத்து மாத்திரை, திரிபோஷா என்பவையே நமது நினைவுக்கு வரும். விற்றமின் டி பற்றி யாரும் பேசுவதில்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத வன்னியில் அது எப்படிக் குறையும் என்றுதான் பலரும் கேட்பார்கள்.

சமூகவியல் படித்துவிட்டு நான் கிராமங்களில் வேலை செய்யத் தொடங்கிய காலம். 2017ஆம் ஆண்டு முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். 2009இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளுடன் தனித்து வாழ்ந்து, பின்னர் மறுமணம் செய்திருந்தார். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. இடுப்பும் தொடையும் ஓயாமல் நோகும். நிலத்தில் இருந்தால் கையை ஊன்றித்தான் எழும்புவார். மாமியார் அதைச் சோம்பல் என்றார்.

"தங்கச்சி, சனம் என்ர வயித்தைத்தான் பார்க்குதுகள். கிணத்தடிக்கும் விடியக் கருக்கலிலதான் போறனான்" என்றார் அக்கா. கடைக்குப் போவதும் கணவர்தான். பல மாதங்களாக அவர் உடலில் வெயில் படவில்லை. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னோம். அவர் வைத்தியசாலைக்கு அனுப்பினார். இரத்தப் பரிசோதனையில் விற்றமின் டி மிகவும் குறைவு என்று தெரிந்தது. வைத்தியர் மருந்து கொடுத்தார்.

சூரிய ஒளி தோலில் படும்போது நமது உடலே விற்றமின் டியை உருவாக்குகிறது. உணவிலும் மாத்திரையிலும் உள்ள கல்சியத்தை உடல் உறிஞ்சுவதற்கு அது வேண்டும். அது மிகவும் குறைந்தால் தாயின் எலும்பு நோகும், தசை தளரும். வயிற்றிலுள்ள பிள்ளை தாயிடமிருந்தே அதைப் பெறுகிறது. தாயிடம் இல்லாவிட்டால் பிள்ளையும் குறைவோடுதான் பிறக்கும். கடுமையான குறைவில் பிறந்த பிள்ளைக்கு வலிப்பு வரலாம், பின்னர் கால் வளையலாம். தாய்ப்பாலிலும் இந்த விற்றமின் குறைவே.

இக்குறைபாடுள்ள தாய்மாரிடம் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, குறைமாதப் பிரசவம் என்பன கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் மாத்திரை கொடுத்தால் இவை தடுக்கப்படும் என்பது உறுதியாகவில்லை. அதனால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் விற்றமின் டி கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. குறைபாடு இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். எனவே சகோதரிகளே, மருந்துக் கடையில் நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடும் தலையிடி, கண் மங்கல், முகவீக்கம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

விடிகாலை வெயிலில் விற்றமின் டியை உருவாக்கும் கதிர் மிகக் குறைவு. காலை ஒன்பதரைக்குப் பின், உங்கள் நிழல் உங்கள் உயரத்திலும் குறுகும்போது, முகத்திலும் கைகால்களிலும் கால் மணி முதல் அரை மணி நேரம் வெயில் படட்டும். கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடிய நேரம் தேவை. கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் பயன்தராது. தலை சுற்றினால் நிழலுக்கு வந்து தண்ணீர் குடியுங்கள். சூடை மீன், மீன் ரின், முட்டை மஞ்சட்கரு என்பவற்றிலும் விற்றமின் டி உண்டு. கிளினிக்கில் தரும் கல்சிய மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போடாமல் வெவ்வேறு நேரத்தில் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு தேநீர் வேண்டாம்.

வெயில் இலவசம்தான். ஆனால் முற்றத்தில் நிற்கப் பயப்படும் பெண்ணுக்கு அது கிடைப்பதில்லை. அந்த அக்காவுக்கு மருந்தைவிடக் கடினமாக இருந்தது முற்றத்துக்கு வருவதுதான். மாதர் சங்கத்தினர் தமது கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு அவர் முற்றத்திலேயே வைத்தார்கள். வடகம் பிழிந்து காயப்போட்டபடி கதைத்தார்கள். மாமியாரும் வந்து இருந்தார். மெல்ல மெல்ல அக்கா கடைக்கும் நடந்து போகத் தொடங்கினார்.

உங்கள் அயலிலும் வீட்டுக்குள் ஒடுங்கியிருக்கும் ஒரு கர்ப்பிணி இருக்கக்கூடும். மறுமணம் செய்தவராக இருக்கலாம், கணவர் காணாமற்போனவராகவும் இருக்கலாம். அவரைப் பற்றிக் கதைப்பதை விட்டு அவரோடு கதையுங்கள். உடல் நோ தொடர்ந்தால், அடுத்த கிளினிக் நாளில் அதைக் கட்டாயம் சொல்லும்படி கூறுங்கள். முடிந்தால் கூடவே போய் வாருங்கள்.