மாம்பலத்தில் ஓர் ஏரி

சிற்றூர் வாழ்வு பற்றி எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் இரு வகையாகவே எழுதுகின்றனர். ஒரு சாரார்க்கு அது சொர்க்கம். மறு சாரார்க்கு வசதி ஏதுமற்ற பட்டிக்காடு. மதுராந்தகத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்த எனக்கு, இவ்விரண்டிற்கும் மதிப்பெண் இட மனம் வருவதில்லை.

சென்ற ஐப்பசியில் கண் அறுவைக்காக வந்த என் அத்தா, மேற்கு மாம்பலத்தில் என்னுடன் ஒரு மாதம் தங்கியிருந்தார். ஒருநாள் மாலை நடந்து வருகையில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயருக்குப் பொருள் கேட்டார். ஏரி தெரியும் சாலை என்றேன். “ஏரி எங்கப்பா?” என்றார்.

அவருக்காகவே பழைய வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன். இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் தொட்டுத் தெற்கே நீண்டு கிடந்தது அந்நீர்நிலை. வெள்ளையர் அதனை ‘லாங் டாங்க்’ என்றனர். மாம்பலம் அன்று நெல் விளைந்த சிற்றூர். 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னர் 1923ஆம் ஆண்டளவில் ஏரி நீரை வடித்து மனைகளாக்கினர். அவ்வாறு எழுந்த நகருக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரும், பூங்காவுக்கு அன்றைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயரும் அமைந்தன. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் நாம் புத்தாடை வாங்க நெரிபடும் தெருக்கள் அவ்வேரியை ஒட்டியவையே.

அத்தா இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்டுவிட்டு, “கரை எந்தப் பக்கம்?” என்றார். கிழக்கே என்றேன். “அப்ப நீ நீர்ப்பிடிப்புல குடியிருக்கே” என்றார். எம்.ஃபில். பட்டம் பெற்ற எனக்கு இது தோன்றவில்லை. 2015 டிசம்பரில் எங்கள் வீட்டினுள் முழங்காலளவு நீர் நின்றதற்கு அடையாற்று வெள்ளமே காரணம் என்று வாதிட்டேன். “ஆறு பொங்கினாலும் தண்ணி பள்ளத்தைத்தானே தேடும்” என்றார்.

எங்களூரில் ஏரிதான் எல்லா வசதிகளுக்கும் தாய். கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வண்டிகளில் ஏற்றி வயலுக்கு அடிப்பர். மழைக்காலத்தில் கலங்கல் வழிந்தால் ஊரே கரைக்கு ஓடும். மடை திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சுபவர்க்குக் களத்திலேயே நெல் அளந்துவிடுவர். தலைமடைக்காரர் முந்திக்கொண்டால் கடைமடைக்காரர் அவரையே வழிமறிப்பார். அச்சண்டைகளை எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை.

1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தால் பள்ளியில் சோறு கிடைத்தது. பேருந்து நாளைக்கு இருமுறை வந்தது. மருத்துவர்தாம் இல்லை. நான் நான்காம் வகுப்புப் படிக்கையில் என் தம்பிக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இரவுப் பேருந்து போய்விட்டிருந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவனைக் கிடத்தி, அத்தா முன்னே விளக்குப் பிடித்து நடந்தார். மருத்துவமனையை அடையுமுன் அவன் கை குளிர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதைப்பற்றி இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

இப்போது எங்கள் ஏரிக்குக் கீழுள்ள இரண்டு ஏக்கரையும் மனை போடுவோர் கேட்கின்றனர். தார்ச்சாலை வரும், மருந்துக்கடை வரும், மருத்துவரும் வருவார் என்று ஆசை காட்டுகின்றனர். விற்க வேண்டாம் என்று நான் எளிதில் கூறிவிட்டேன். ஏரியைத் தூர்த்த ஊரின் ஓரத்தில், விசைக்குழாய் நீரிலும் லாரித் தண்ணீரிலும் வாழ்ந்துகொண்டு கூறினேன். அத்தா விடை கூறவில்லை.

ஊர் திரும்பும் நாளன்று மாம்பலம் ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருந்தோம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே, “அவங்க சொல்ற டாக்டர் ராவுல தங்குவாரா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். “கேட்டுப் பார்க்கணும். மாசியில அறுப்பு முடியட்டும்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.