இலாபம் எங்கிருந்து வருகிறது?

எம்முடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர், கிரிப்டோ நாணயத் திட்டமொன்றிற் சேருமாறு எம்மை அழைத்தார். "இதற்கு முதலாளி இல்லை; அலுவலகம் இல்லை; கணினி நிரலே யாவற்றையும் நடத்துகிறது. ஏமாற்ற ஆளே இல்லாதவிடத்து மோசடி எங்ஙனம் நிகழும்?" என்றார். நாம் விடையின்றி நின்றோம். முதலாளி இல்லாத திட்டம் என்ற சொல் எம் செவிக்கு இனித்தது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1920இல் பொஸ்ரன் நகரிற் சாள்ஸ் பொன்சி என்பவர், சர்வதேச அஞ்சற் கூப்பன் வணிகத்தால் 45 நாளில் 50 வீத இலாபம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டினார். வணிகம் பெயரளவிலேயே நடந்தது. பின்வந்தோர் பணமே முன்வந்தோர்க்கு இலாபமாயிற்று. இம்மோசடிக்கு அம்மனிதர் பெயர் நிலைத்தது. அதன் உயிரோ பணம் ஓடிய வழியில் இருந்தது.

அவ்வழியை நிரலாகவும் எழுதலாம். 2020இல் தொடங்கிய 'போர்சேஜ்' அத்தகையது. புதியவர் செலுத்திய தொகையை நிரல் தானாகவே முன்னவர்க்குப் பகிர்ந்தது. 300 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டிய பொன்சித் திட்டம் இதுவென, 2022 ஓகஸ்டில் அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு 11 பேர்மீது வழக்குத் தொடர்ந்தது. அதன் எதேரியம் திட்டத்தில் 80 வீதத்துக்கு மேற்பட்டோர் இட்டதிலும் குறைவாகவே பெற்றனர் என 2023இல் அந்நாட்டு அரசதரப்பு கூறிற்று. நிரலை எழுதியோரும் ஆள் சேர்த்தோரும் மனிதரே அல்லவா?

எனினும் எல்லா நாணயத்தையும் இப்பெயரால் அழைத்தல் பொருந்தாது. பிட்கொயின் எவர்க்கும் வட்டி வாக்களிக்கவில்லை. விலை ஏறுமென நம்பி அதை வாங்குவது ஊகவாணிபம். அதன் தீங்கு வேறு.

எமது நாட்டின் 1988ஆம் ஆண்டு 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டமும் இலாபத்தின் ஊற்றையே நோக்குகிறது. பங்குபற்றுவோர் பெறும் நன்மை பெரும்பாலும் ஆட்டொகையோ பங்களிப்போ பெருகுவதிற் தங்கியிருப்பின், அத்திட்டத்தைத் தொடங்குவதோடு பரப்புவதையும் அதன் 83சீ பிரிவு தடுக்கிறது.

பின்னொரு நாள் நண்பரிடம் கேட்டோம்: "நாளை முதல் புதியவர் ஒருவரும் சேராவிடின், உங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும்?" அவர் பேசவில்லை. அவர் சேர்த்துவிட்ட இருவர் எம் பழைய மாணவர். ஒருவன் தாயின் காப்பை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தான். உழைப்பையும் சுரண்டலையும் பற்றி வகுப்பில் ஓயாது பேசும் நாம், முதல் நாளே அக்கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.